டீசல் லாரியில் ஆயில் கசிவு: இடத்தைப் பிடிப்பதும் பில் கட்டுவதும்

வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு. புதிதாக லாரி வாங்கியவருக்கு அதைப் பார்த்ததும் வயிறு கலங்கும். பல கசிவுகள் சின்ன வேலையில் முடிந்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் கசிவு வேலையில் மாற்றப்படும் பொருள் பெரும்பாலும் மலிவானதுதான். ஒரு ரப்பர் சீல், ஒரு பேக்கிங், ஒரு ஓ-ரிங், ஒரு செம்பு வாஷர், அவ்வளவே. காசு போவது அந்தப் பொருள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் கூலியில். கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜினின் முதன்மைத் தண்டு) பின்பக்க சீலை மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே இறக்கியாக வேண்டும். இறக்கி, மாற்றி, ஏற்றிய பிறகு, ஆயில் உண்மையில் இன்ஜினின் தலைமேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து வழிந்து வந்தது என்று தெரிந்தால் கொடுத்த கூலி திரும்பி வராது. அதனால் கசிவின் இடம் உறுதியாகும்வரை யாரையும் ஸ்பேனர் எடுக்க விடாதீர்கள்.

முதலில், வண்டியை ஓட்டலாமா?

சமதளத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போகட்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். சில இன்ஜின்களுக்கு முறை கொஞ்சம் மாறும், வண்டியின் கையேடு சொல்வதே சரி. அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தால் ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓட்டும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ முள் சரிந்தாலோ ஓரமாக நிறுத்தி உடனே அணைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று இழுத்துப் போகக் கூடாது. பிரஷர் இல்லாமல் சிறிது நேரம் ஓடினாலே பேரிங் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் பேச்சு சீலைப் பற்றி இருக்காது, முழு இன்ஜினைப் பற்றி இருக்கும்.

அளவு சரியாக இருந்தாலும் ஓட்டக் கூடாத நிலைகள் சில உண்டு. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) மீதோ சைலன்சர் குழாய் மீதோ ஆயில் படுகிறது என்றால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் சீல் போய், ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கியிருக்கலாம். பிரேக் ஆயில் ஒழுகினாலும் அதே பேச்சுதான், வண்டி நகரக் கூடாது. டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போய், ஆயிலில் டீசல் வாடை வந்தால், எங்கோ டீசல் ஆயிலில் கலக்கிறது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. அளவு கூடியிருக்கிறதே, நல்லதுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குறைவதைவிட இது மோசம்.

ஒழுகுவது எந்த எண்ணெய்?

லாரியில் ஒழுகக்கூடியவை பல. இரவு வண்டியின் அடியில் பெரிய அட்டைகளை விரித்து, எந்த அட்டை எந்தப் பகுதிக்குக் கீழே இருந்தது என்று அதன்மேலேயே எழுதிவையுங்கள். காலையில் விரலில் தொட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

டீசல் இன்ஜின் ஆயில் கரித்துகள் கலப்பதால் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். எனவே கறுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். கியர் ஆயில் அதைவிடக் கெட்டி, மூக்கில் வைத்தால் கந்தக நெடி அடிக்கும். ஒருமுறை முகர்ந்தவருக்கு அது மறக்காது. சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். தண்ணீர் மாதிரி ஓடி, பச்சையோ இளஞ்சிவப்போ நிறம் காட்டி, லேசாக இனிப்பு வாடை வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். அதை நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், விஷம். டீசலை வாடையே சொல்லிவிடும். டிப்பர் வண்டியாக இருந்தால் ஹைட்ராலிக் ஆயிலையும் கணக்கில் வையுங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து சொட்டியது, விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிற்கும்போது சொட்டுகிறதா, ஓடும்போது மட்டும் வருகிறதா? டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய், ஆயில் கூலர், பிரஷர் சுவிட்ச் எல்லாம் பிரஷரில் இருப்பவை. அவற்றில் கசிவு இருந்தால் ஓடும்போது பீய்ச்சும், நிறுத்தியதும் நின்றுவிடும். அட்டையில் நாலு சொட்டுத்தான் விழுந்திருக்கும், டிப்ஸ்டிக்கிலோ லிட்டர் கணக்கில் குறைந்திருக்கும். அதனால் தரையில் விழுந்த திட்டின் அளவை வைத்துக் கசிவின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

கழுவி, காயவிட்டு, மேலிருந்து பாருங்கள்

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடம் கசிவின் இடம் அல்ல. முன்பக்கம் மேலே ஒரு ஊசித்துளைக் கசிவு இருந்தால்கூட கொஞ்ச நாளில் இன்ஜினின் பின்பாதி முழுக்கக் கறுத்துப் பிசுக்கேறிவிடும். அந்த நிலையில் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இந்த சீல்தான் போயிருக்கிறது என்று சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

முறையாகச் செய்வதென்றால் முதல் வேலை கழுவுவது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், ஒயரிங் கனெக்டர்கள், காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்து ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிரஷர் பம்பின் மூக்கை சீல்களுக்கு நேராகக் காட்டினால் தண்ணீர் உள்ளே போய்விடும். கழுவிய அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பிடித்து அப்புறப்படுத்துவது உங்கள் பொறுப்பு. நன்றாகக் காய்ந்த பிறகு எல்லாப் பக்கமும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் சும்மா நின்று ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு சாலையில் ஓட்டிப் பாருங்கள். மேலே, முன்னால், முதலில் ஈரமாகும் இடம் எதுவோ அதுவே மூலம். சந்தேகம் இருந்தால் காய்ந்த பாகத்தின்மேல் டால்கம் பவுடரைத் தூவுங்கள். வெள்ளைப் பரப்பில் ஆயில் ஓடிய தடம் கோடாகத் தெரியும். அதற்கும் பிடிபடவில்லையென்றால் சாயமுறை இருக்கிறது. ஆயிலில் கலக்கும் ஒளிர்சாயத்தை ஊற்றி, ஓடவிட்டு, இருட்டில் புறஊதா டார்ச் அடித்து மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கசிவின் வாய் பளிச்சென்று மின்னும். பட்டறையில் இதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். மனமுவந்து கொடுங்கள். இந்த முழு வேலையிலும் மிச்சம் பிடிக்கக் கூடாத காசு இது ஒன்றுதான்.

சமீபத்தில் ஆயில் மாற்றியிருந்தால் பெரிய சந்தேகங்களுக்குப் போகுமுன் ஃபில்டரைப் பாருங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் மேலேயே புது ஃபில்டரை ஏற்றிவிட்டால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து, பிரஷர் ஏறியதும் வழுக்கி, ஆயில் கொட்டிவிடும். ஆயில் வடிக்கும் திருகின் வாஷரும் இப்படித்தான், நசுங்கிய பழையதையே போட்டிருப்பார்கள். இரண்டுமே சின்ன வேலை.

பிரீதரைப் பார்க்காமல் சீலைத் தொடாதீர்கள்

புதியவர்களிடம் யாரும் சொல்லாத விஷயம் இது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் எரிந்த வாயு எப்போதும் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கும். அது வெளியே போக பிரீதர் என்ற வழி இருக்கிறது. பிரீதர் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். நல்ல சீல்கூட அப்போது கசியும். அந்த சீலை மாற்றினால் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு அதே இடத்திலோ பக்கத்திலோ மறுபடி வரும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் ஈரம் தெரிந்தால் முதல் சந்தேகம் பிரீதர் மேல்தான் வரவேண்டும்.

சோதிப்பது எளிது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, திருகாமல் அப்படியே வாயின்மேல் வையுங்கள். சூடான ஆயில் தெறிக்கலாம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூடி லேசாக அதிர்வது இயல்பு. துள்ளி விழுந்தாலோ, புகை பலமாக அடித்தாலோ, பிரீதர் அடைத்திருக்கிறது அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்தோ அதன் ஃபில்டரை மாற்றியோ மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லையென்றால் மெக்கானிக்கிடம் கிராங்க் அறை அழுத்தத்தைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்த இன்ஜினுக்கு வரிசையாக சீல் மாற்றிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவது மாதிரி.

வெளியே எங்குமே ஈரம் இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது என்றால் அது வேறு வழியில் போகிறது. பிரேக்குக்குக் காற்று சேர்த்துவைக்கும் ஏர் டேங்க்கின் வடிகால் வால்வைத் திறந்து பாருங்கள். ஆயில் அதிகமாக வந்தால் ஏர் கம்ப்ரசர் தள்ளுகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கையில் (ஆறிய பிறகுதான்) சாக்லேட் குழம்பு போன்ற கசடு மிதந்தால் ஆயில் கூலர் உள்ளே உடைந்திருக்கலாம். ஓடும்போது ஆயிலின் பிரஷர் கூலன்டைவிட அதிகம், அதனால் ஆயில்தான் அந்தப் பக்கம் பாயும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் மெல்லிய பிசுக்கு இருப்பது பல இன்ஜின்களில் சகஜம். ஆயில் தேங்கி நின்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, ஏனென்றால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் எகிறிவிடும்.

எந்த இடம், எவ்வளவு வேலை

டேப்பட் கவர் பேக்கிங், பிரஷர் சுவிட்ச், டர்போ குழாய்களின் வாஷர், இவையெல்லாம் பொதுவாகக் கை எட்டும் இடங்கள். சில மணி நேர வேலை. பிரஷர் சுவிட்சில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, ஆயில் ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போய்ச் சம்பந்தமில்லாத இடத்தில் வெளிவரும். ஆகவே கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள்.

இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் பேக்கிங் கொஞ்சம் கூடுதல். வண்டியைப் பொறுத்து முன் அச்சோ குறுக்குச் சட்டமோ இடிக்கும், முழு ஆயிலையும் வடிக்க வேண்டும். கனரக லாரி என்றால் ஆயில் நிறையப் பிடிக்கும், அதன் செலவும் சேரும். முன்பக்க கிராங்க் சீலுக்கு ஃபேன், பெல்ட், புல்லி எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும்.

பெரிய செலவு பின்பக்க கிராங்க் சீல். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் இறங்கியாக வேண்டும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஆயில் சொட்டினாலே பின் சீல் என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அங்கே சொட்டுவது கியர்பாக்ஸின் முன் சீலிலிருந்து வந்த கியர் ஆயிலாக இருக்கலாம், அல்லது மேலேயிருந்து இன்ஜினின் முதுகு வழியாக வழிந்து வந்ததாக இருக்கலாம். மூக்கால் முதலாவதையும், கழுவிப் பார்ப்பதால் இரண்டாவதையும் ஒதுக்கிவிட்டுத்தான் கியர்பாக்ஸ் மேல் கை வைக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டுமா?

எல்லா ஈரமும் வேலை அல்ல. தூசி ஒட்டிய வெறும் பிசுக்கு, துளி திரளவே இல்லை என்றால் குறித்துவைத்துக் கவனித்தால் போதும். துளி திரண்டு தொங்குகிறது, விழவில்லை என்றால் அடுத்த சர்வீஸோடு சேர்த்துச் செய்யலாம். விழுகிறது என்றால் வேலைக்கு நாள் குறியுங்கள்.

பத்து விநாடிக்கு ஒரு துளி விழுந்தால் நாள் முழுக்க 8,640 துளி. ஒரு மில்லிக்கு 20 முதல் 40 துளி என்று வைத்தால்கூட, கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் பக்கம் வந்துவிடும். ஒரு சின்ன நோட்டில் கிலோமீட்டரையும் ஊற்றிய ஆயிலையும் எழுதிக்கொண்டே வாருங்கள். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு போகிறது, அது கூடுகிறதா என்பது தெரிந்தால், ஒரு வருடத்துக்கு ஊற்றும் ஆயிலின் விலையை ஒரு பக்கமும், கூலியோடு வண்டி நிற்கும் நாட்களின் வருமான இழப்பை மறுபக்கமும் வைத்துக் கணக்குப் போடலாம். பின் சீலில் லேசான கசிவு இருந்து, கிளட்ச்சும் தேயும் தறுவாயில் இருந்தால், கிளட்ச் மாற்றும் நாள்வரை காத்திருந்து இரண்டையும் ஒரே இறக்கலில் முடிப்பதே நல்லது. கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டு வழுக்கத் தொடங்கிவிட்டால் காத்திருக்க முடியாது.

கசிவு நிறுத்தும் திரவம் என்று பாட்டிலில் விற்பது காய்ந்து சுருங்கிய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். கிழிந்த சீலுக்கும் வெடித்த பேக்கிங்குக்கும் அதனால் பயனில்லை. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டறையில் பேசுவது

போகும் முன் வாரண்டி தாள்களை எடுத்துப் பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் வாரண்டியில் இருந்தால், வெளிப் பட்டறையில் கை வைத்ததாலேயே உரிமை போய்விட வாய்ப்பு உண்டு. நீட்டித்த வாரண்டிகளில் கசிவுக்கு விலக்கு எழுதியிருப்பார்கள், அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

உள்ளே போனதும் “பின் சீலை மாத்திடுங்க” என்று நீங்களே மருந்து எழுதாதீர்கள். சீலை மாற்றுவார்கள், காசு வாங்குவார்கள், கசிவு நிற்காவிட்டால் நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம் என்பார்கள், அதில் தப்பும் இல்லை. “அண்ணே, ஆயில் ஒழுகுது. எங்கேருந்துன்னு கண்டுபிடிச்சு எனக்குக் காட்டுங்க, அப்புறம் வேலையைப் பேசலாம்” என்று சொல்லுங்கள். உங்கள் படங்களையும் நோட்டையும் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்ததும் மகிழ்வார். கழுவிப் பார்க்காமலேயே பெரிய வேலை சொல்பவரிடம் காரணம் கேளுங்கள், பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்னொரு பட்டறையில் காட்டுங்கள்.

எஸ்டிமேட் எழுத்தில் வேண்டும். கண்டுபிடிக்கும் கட்டணம், கூலி, ஸ்பேர், ஆயில், ஃபில்டர், கூலன்ட், வரி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். வேலையை அங்கேயே கொடுத்தால் கண்டுபிடிக்கும் கட்டணத்தைக் கழிப்பார்களா என்று கேளுங்கள், பலர் கழிப்பார்கள். சொன்ன தொகைக்கு மேல் போனால் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பிறகு புதிதாக ஏதாவது தெரிவது சகஜம். தேய்ந்த கிராங்க்கில் சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதற்கு மேலுறை வளையம் போட வேண்டிவரும். அது நியாயமான கூடுதல் செலவு, ஆனால் படம் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

கூலி சில இடங்களில் உண்மையில் ஆன நேரத்துக்கு, சில இடங்களில் அந்த வேலைக்கென்று நிர்ணயித்த நேரத்துக்கு. எது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கிளட்ச், பின் சீல், கியர்பாக்ஸ் முன் சீல் மூன்றும் சேர்ந்து நடந்தால் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி ஒரே ஒருமுறைதான் வர வேண்டும். பில்லில் இரண்டு தடவை வந்திருந்தால் பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள். அதேபோல, உள்ளே போக இவ்வளவு கூலி கொடுக்கும்போது சீலில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். கம்பெனி ஸ்பேரோ அதற்கு ஈடான நல்ல தயாரிப்போ போடச் சொல்லுங்கள்.

முன்பணம் கேட்டால் ஸ்பேர் வாங்கும் அளவுக்குக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மொத்தத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். கழற்றிய பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும்.

வேலை நடக்கும்போதும் எடுக்கும்போதும்

பக்கத்தில் நிற்க விட்டால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். பேக்கிங் உட்காரும் முகத்தைச் சுரண்டும் விதம் ஒன்று. சுழலும் உராய்வு வட்டு வைத்துத் தேய்த்தால் அதன் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். கையால் சுரண்டித் துணியால் துடைப்பதே பத்திரம். அடுத்தது பசை. டியூபில் வரும் சிலிகான் பசையை நூல்போல் மெல்லிசாக இட வேண்டும். அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து அறுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். பூசிய பிறகு அது இறுகக் குறிப்பிட்ட நேரம் விட வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

வண்டி தயார் என்றதும் ஆயில் அளவைப் பார்த்து, மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். திரும்பி வந்து டார்ச் அடித்து இருவரும் சேர்ந்து பாருங்கள். காய்ந்திருந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். பில்லில் செய்த வேலை, போட்ட பாகத்தின் எண், கிலோமீட்டர், ஸ்பேருக்கும் கூலிக்கும் எத்தனை நாள் உத்தரவாதம் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். ஸ்பேருக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்தால் சீல் மறுபடி போனால் இலவசமாக ஒரு சீல் கிடைக்கும், கியர்பாக்ஸ் இறக்கும் கூலி மறுபடி உங்கள் தலையில் விழும். ஆகவே கூலிக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

முதல் வாரம் தினமும் காலையில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், அட்டையை விரித்துவையுங்கள். ஹவுசிங்கின் இடுக்குகளில் தங்கிய பழைய ஆயில் சில நாள் சொட்டும், பிறகு நின்றுவிடும். ஒரு வாரம் ஓட்டிய பிறகும் புதுத் துளி வந்தால் துடைக்காமல், கழுவாமல், படம் எடுத்து, பில்லோடு உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே அதே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.